நான் ஓட்டினால் மட்டும் நின்ற வண்டி

என் அண்ணனும் நானும் பேசாமல் இருந்த காலங்கள் பல. அநேகமானவை ஒரு தேங்காய் மூடிக்குப் பெறாத காரணங்களுக்காக வந்து, யாராவது வீட்டுக் கல்யாணப் பந்தியில் தானாகத் தீர்ந்துபோனவை. பாடசாலை வான் விஷயத்தில் வந்த பகை அப்படிப்பட்டதல்ல. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதனால் நடுநிலையாகச் சொல்லப்போகிறேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்பா கண்டியில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் ஓட்டியவர். ஹந்தானைப் பாதையில், மேலே தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து கீழே டவுன் வரைக்கும், அவருடைய வண்டிக்காகப் பிள்ளைகள் காத்து நிற்பார்கள். அவர் காலமானபின் வான் என் பெயருக்கு வந்தது. அண்ணனிடம் ஏற்கெனவே சொந்தமாக ஒரு வான் இருந்தது; கெலிஓயாவில் குடியிருந்துகொண்டு சுற்றுலாக்காரர்களை ஏற்றித் திரிந்தார். நான் லைசன்ஸ் எடுத்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. அப்பாவின் ஓட்டம் என் கைக்கு வந்தது அதைவிடப் பிடிக்கவில்லை. என் கணவர் கட்டாரில் இருந்தார். அதனால் என்னைக் கண்காணிக்கும் பொறுப்பு தனக்கு இருக்கிறது என்று அண்ணன் தாமாகவே முடிவெடுத்திருந்தார்.

நாட்டில் யுத்தம் முடிந்து, பாதையில் நிறுத்தி இறக்கிச் சோதிப்பது எல்லாம் ஓய்ந்திருந்த காலம் அது. இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓட்டினேன். பிறகு வண்டி நிற்க ஆரம்பித்தது.

முதல் தடவை, பாடசாலை விட்டுப் பிள்ளைகளோடு ஏற்றத்தில் போகும்போது எஞ்சின் சட்டென்று அணைந்தது. இருமவில்லை, திணறவில்லை, யாரோ சாவியைத் திருப்பி நிறுத்தியது போல் நின்றது. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. அண்ணனுக்குப் போன் பண்ணினேன். ஆற அமர வந்து சேர்ந்தார். என்னை இறங்கச் சொன்னார். சீட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். பாவி வண்டி, நல்ல பிள்ளையாக உடனே ஸ்டார்ட் ஆனது.

"என்னத்த போட்டு அமுக்குன?" என்று கேட்டார்.

"ஒண்ணையும் அமுக்கல அண்ணே. தானா நின்னுச்சு."

"தானா நிக்க அதுக்கென்ன பைத்தியமா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களுக்குச் சிரிக்கக் காரணம் வேண்டுமா என்ன.

கெலிஓயாவில் அண்ணனுக்குத் தெரிந்த எலெக்ட்ரிக் பாஸ் ஒருவர் இருந்தார். மேஸ்திரியை எங்கள் பக்கம் பாஸ் என்போம்; இவர் வாகனங்களின் வயரிங் வேலை மட்டும்தான் செய்வார். கொஞ்ச மாதத்துக்கு முன் எங்கள் வண்டியில் வயர் சிலதை மாற்றிக் கட்டியவரும் அவர்தான். அவரிடம் கொண்டுபோய் விட்டேன். அவர் வண்டியைப் பேராதனை வரைக்கும் ஓட்டிப் போய் வந்தார். இறங்கியபோது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

"நான் நல்லா ஓட்டிப் பாத்த தானே தங்கச்சி. ஒரு கொழப்பமும் இல்ல. கிளட்ச்ச விடக்கொள்ள கொஞ்சம் பாத்து விடுங்க."

இரண்டாம் தடவை பேராதனை வீதியில், பின்னால் பஸ் வரிசை கட்டி ஹோர்ன் அடிக்க, நடுப்பாதையில் நின்றது. அப்போது இறங்கி வந்து உதவியவர் முன்பின் தெரியாத ஒரு லொறிக்காரர். அவரும் என்னை இறக்கிவிட்டு ஏறினார். அவருக்கும் அது உடனே ஸ்டார்ட் ஆனது. அவரும் எனக்குக் கிளட்ச் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார். ஊரில் எத்தனை பேர் என் கால் கிளட்சில் எப்படி இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அண்ணனின் மனைவி வேறொரு காரணம் கண்டுபிடித்திருந்தார். வண்டியில் அப்பா வைத்த பிள்ளையார் படம் இருக்கிறதாம். நான் தீட்டு நாளிலும் ஏறி ஓட்டுகிறேனாம். சாமி பொறுக்குமா என்று கேட்டிருக்கிறார். என் காதுக்கு வரட்டும் என்றுதான் சொன்னார், வந்தது. வண்டி நின்ற நாட்களை என் தீட்டு நாட்களோடு மனதில் ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. பிள்ளையார் கணக்கில் சரியான பலவீனமானவராக இருக்க வேண்டும். ஆனாலும் அண்ணி சும்மா இருக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வந்து டயருக்கு அடியில் எலுமிச்சங்காய் வைத்து நசுக்கி, கண்ணூறு கழித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் தடவைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. காலை நேரம், வண்டி நிறையப் பிள்ளைகள், மேலேயிருந்து இறக்கத்தில் வருகிறேன். ஒரு வளைவுக்கு முன்னால் எஞ்சின் அணைந்தது. எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக்குக்குக் கிடைக்கும் பலமும் போய்விடும். இரண்டு மூன்று மிதி மிதித்தபிறகு பெடல் கருங்கல் மாதிரி இறுகிப்போனது. நான் கிட்டத்தட்ட எழுந்து நின்று மிதித்தேன். கீழ்க் கியருக்குத் தட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மேட்டுப்பக்கம் வளைத்து, மண்ணில் உரசி நிறுத்தினேன். ஒரு பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல் உடைந்தது, வேறொன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

வண்டியை அன்றே பாஸின் கராஜுக்கு இழுத்துப் போகச் சொன்னேன். மறுநாள் பெற்றோர் சார்பில் ஒரு அம்மா வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் வங்கியொன்றில் வேலை. அவருடைய மகனும் என் வானில்தான் போனான்.

"இஞ்ச பாரும், எனக்கு உம்மோட கோவமில்லை" என்று ஆரம்பித்தார். கோபம் நிறைய இருந்தது. "ஆனா பிள்ளையளின்ர உயிரோட விளையாடேலாது. நாங்கள் எல்லாரும் கதைச்சம். உம்மட அண்ணா ஓட்டினா வண்டி நிக்கிறேல்லையாம். திங்கக்கிழமையில இருந்து அவரே ஓட்டட்டும். இல்லாட்டி நாங்கள் வேற வான் பாக்கிறம்."

அண்ணனோடு அவர்கள் முன்கூட்டியே பேசிவிட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அன்று பின்னேரமே அண்ணன் வந்தார். ஞாயிறு காலையில் சாவியை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லாததுதான் குறை.

"வண்டியில கோளாறு இருக்குண்ணே. நீங்க ஓட்டுனாலும் ஒருநாள் நிக்கும்" என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். பிறகு பெரிய மனது பண்ணி, "நீ வேணுன்னா கூட வா. புள்ளைகள ஏத்தி எறக்க ஒரு ஆள் வேணும்ல" என்றார்.

என் வண்டியில் என்னைக் கதவு திறக்க வரச்சொன்னார். வண்டி என் பெயரில்தான் இருந்தது, ஆனால் பிள்ளைகள் ஏறாத வண்டி யார் பெயரில் இருந்தால் என்ன? இந்த ஓட்டம் போனால் மாதாமாதம் கட்டாரிலிருந்து வருவதை எதிர்பார்த்து, அண்ணன் சொல்கிறபடி கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். என் கணவரும் போனில், "அண்ணன் சொல்றதக் கேளேன், எதுக்கு வம்பு" என்றார். அவரிடமும் இரண்டு நாள் பேசவில்லை.

சனிக்கிழமை வண்டியை எடுக்கப் பாஸிடம் போனேன். மறுபடியும் ஓட்டிப் பார்த்தாராம், மறுபடியும் ஒன்றுமில்லையாம். அண்ணனும் அங்கே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். வேலிக்கு ஓணான் சாட்சி. இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பொறுக்கவில்லை.

நான் குள்ளம். கிளட்ச் முழுதாக அமுங்க வேண்டுமென்றால் சீட்டை முன்னுக்குக் கடைசி வரை இழுத்து உட்கார வேண்டும். அன்று அவர்கள் முன்னால் குனிந்து லீவரைத் தேடி, சீட்டை இழுத்துச் சரிபண்ணிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. பின்சீட்டில் கிடந்த தலையணையோடு ஒரு சாக்கையும் சுருட்டி முதுகுக்கு வைத்துக்கொண்டு, சீட்டின் நுனியில் உட்கார்ந்து வண்டியை எடுத்துவிட்டேன். பேராதனை வந்தது, டவுன் வந்தது, ஹந்தானை ஏற்றமும் வந்தது. வண்டி எங்கேயும் நிற்கவில்லை. நிற்காததற்காகவும் அதைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் இடுப்பு வலி தாங்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, லீவரை இழுத்துச் சீட்டை முன்னுக்குக் கொண்டுவந்தேன். டக். எஞ்சின் அணைந்தது.

பிறகு சீட்டைப் பின்னுக்குத் தள்ளிச் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் ஆனது. முன்னுக்கு இழுத்தேன். நின்றது. இன்னொரு தடவை இழுத்தபோது நிற்கவில்லை. இருந்த இடத்திலேயே இரண்டு குலுக்குக் குலுக்கினேன், நின்றது. அண்ணன், பாஸ், லொறிக்காரர், மூன்று பேரும் ஏறியவுடன் முதலில் செய்த காரியம் சீட்டைப் பின்னுக்குத் தள்ளியதுதான். அவர்களுக்குக் கால் நீளம். கோளாறைப் பார்க்க வந்தவர்கள் ஏறும்போதே கோளாறை நீக்கிவிட்டு ஏறியிருக்கிறார்கள்.

டோர்ச்சை எடுத்துவந்து தரையில் மண்டியிட்டுச் சீட்டுக்கு அடியில் பார்த்தேன். எங்கள் வானில் முன்சீட்டுகளுக்கு அடியில்தான் எஞ்சின். வண்டியின் வயர்களெல்லாம் விரல் தடிப்பில் ஒரே கட்டாகக் கறுப்பு டேப் சுற்றி அந்தப் பக்கம் போகின்றன. அந்தக் கட்டு தரையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். அது சீட்டோடு, அதுவும் சீட்டின் அசையும் சட்டத்தோடு, ஒரு பிளாஸ்டிக் பட்டியால் கட்டப்பட்டிருந்தது. சீட் முன்னுக்கு வந்தால் கட்டும் கூடவே வரும். கட்டின் நுனியில் ஒரு சொக்கட். டீசலைத் திறந்துவிடும் வால்வுக்குப் போகும் வயர் அதில்தான் மாட்டியிருந்தது. அந்த வயரில் கரண்ட் இருக்கும்வரைதான் டீசல் போகும். சொக்கட்டின் பூட்டு உடைந்து, அதற்குப் பதிலாக டேப் சுற்றியிருந்தது. எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை காய்ந்து கழன்றிருந்தது. சீட்டை முன்னுக்கு இழுத்தால் சொக்கட் பாதி வெளியே வந்து, தொட்டும் தொடாமலும் நின்றது.

அந்தப் பட்டியும் டேப்பும் பாஸின் வேலை. வயர் எஞ்சினில் பட்டு வேகக்கூடாது என்று நல்லதுக்குத்தான் தூக்கிக் கட்டியிருப்பார். கட்டியபின் சீட்டை முன்னுக்கு இழுத்துப் பார்க்கவில்லை. எதற்காகப் பார்க்கப் போகிறார், அந்தச் சீட்டை அவ்வளவு முன்னுக்கு இழுத்து ஓட்ட ஒரு ஆள் இருக்கிறாள் என்று அவருக்கு நினைவே வந்திருக்காது. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். இவர் குழியைப் பறித்துவிட்டு, விழுந்தவளுக்குக் கிளட்ச் மிதிக்கச் சொல்லிக்கொடுத்தார்.

பட்டியை வெட்ட ஒரு கத்திரிக்கோல் போதும். கையிலேயே வைத்திருந்தேன். ஆனால் வெட்டவில்லை. நான் வெட்டிச் சரிசெய்துவிட்டால் வண்டி நிற்காது. நிற்காவிட்டால், "பாத்தியா, ஒண்ணுமேயில்லன்னு அண்ணைக்கே சொன்னேன்ல" என்பார்கள். கத்திரிக்கோலைக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஞாயிறு காலை அண்ணன் வந்தார். பெற்றோர் சார்பில் வந்த அந்த அம்மாவையும் நான் போன் பண்ணி வரச்சொல்லியிருந்தேன்.

"சாவிய தாறேன்" என்றேன். "ஆனா இந்த ஏத்தத்துல ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க. இவங்களும் நானும் உள்ள இருக்கோம். சீட்ட மட்டும் அசைக்கக் கூடாது. நான் வச்சிருக்க மாதிரியே வச்சு ஓட்டணும்."

"இதுல எப்பிடி ஒக்காருவேன்? முழங்கால் இடிக்குதே."

"நான் தெனமும் ஒக்காந்துதான் ஓட்டுறேன். நீங்க பெரிய டிரைவர்தானே அண்ணே. ஒரு ஏத்தந்தான்."

அந்த அம்மாவின் முன்னால் மறுக்க அவருக்கு முடியவில்லை. சின்னப் பிள்ளைகளின் சைக்கிளில் ஏறிய பெரிய மனிதர் மாதிரி, ஸ்டியரிங்குக்கு இரண்டு பக்கமும் முழங்கால் துருத்திக்கொண்டு நிற்க உட்கார்ந்தார். நான் பக்கத்தில், ஹேண்ட் பிரேக்கில் கையை வைத்துக்கொண்டு. அந்த அம்மா பின்னால். முதல் வளைவு தாண்டியது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, எஞ்சின் அணைந்தது. வண்டி பின்னுக்கு உருள ஆரம்பித்தது. அவர் பிரேக்கை மிதிக்கக் காலைத் தூக்கினார், முழங்கால் ஸ்டியரிங்கில் மாட்டிக்கொண்டது. "ஐயோ அம்மா!" என்று கத்தினார். நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

எனக்கு அப்படியொரு சந்தோஷம். அதை மறைக்க நான் கொஞ்சமும் முயலவில்லை.

அவர் சாவியைத் திருப்பினார். பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். பிறகு பழக்கத்தில் அவருடைய கை சீட்டின் லீவருக்குப் போனது.

"கைய எடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பின்னால் இருந்த அம்மா துள்ளிவிட்டார். "அதுலதான் இருக்கு கோளாறு. நீங்க எல்லாரும் அதத் தள்ளிட்டுத்தான் ஏறுறீங்க. அதான் ஒங்களுக்கெல்லாம் நிக்கல."

இறங்கி, டோர்ச் அடித்து இருவருக்கும் காட்டினேன். அந்த அம்மா சாரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஓம், உண்மைதான்" என்றார். அண்ணன் பாஸுக்குப் போன் பண்ணினார்.

பாஸ் த்ரீவீல் ஆட்டோவில் வந்து இறங்கினார். சீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டுத் தன்னுடைய பட்டியைத் தானே அடையாளம் கண்டுகொண்டார். முகம் மாறியது. ஆனால் வாய் மாறவில்லை.

"சீட்ட இவ்வளவு முன்னுக்கு இழுத்தா எந்த வயரும் கழரும் தானே தங்கச்சி."

"அப்ப லீவர் எதுக்கு வச்சிருக்கான்? பாத்துக்கிட்டிருக்கவா?"

பாஸ் வேலையைத் தொடங்கினார். நான் நகரவில்லை. பக்கத்திலேயே குந்தியிருந்தேன், அவருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தே. பட்டியை வெட்டி, கட்டைப் பிரித்தார். சொக்கட்டைக் கழற்றியபோது உள்ளே பின்களில் பச்சைக் களிம்பு ஏறி, பிடி விரிந்து போயிருந்தது. வயரை முறுக்கி டேப் சுற்றப் பார்த்தார், விடமாட்டேன் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே பூட்டு உள்ள வேறு சொக்கட் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். புதுப் பின்களை வயரில் வைத்துக் குறட்டால் நெரித்தார். சீட் கடைசி வரை வந்தாலும் இழுபடாத அளவுக்கு வயர் சேர்த்து நீட்டி, கட்டைத் தரையோடு கட்டினார். சொக்கட் மாட்டும்போது பூட்டு விழும் சத்தம் கேட்டது. நான் ஒவ்வொரு வயராகப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். எஞ்சினை ஓடவிட்டு, சீட்டை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எஞ்சின் நிற்கவில்லை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை பாஸும் சொல்லவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. சாவியை நான் கையில் வைத்திருந்தேன், அண்ணனும் அதைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல மேலே போய் ஒவ்வொரு வாசலாக நிறுத்திவந்தேன். ஒரு பிள்ளை குறையாமல் ஏறினார்கள். அந்த அம்மா மகனை ஏற்றிவிட்டு, என் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்தார்.

"நான் நேற்றே எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லிப்போட்டன். அண்ணா ஓட்டேக்க கோளாறு பிடிபட்டதாம், அவர்தான் ஆளைக் கூப்பிட்டுச் சரிபண்ணுவிச்சவர் எண்டு. இனி ஒருத்தருக்கும் பயமில்லை."

"அம்மா, கோளாற கண்டுபுடிச்சது நான். அவரு ஓட்டுனாரு, வண்டி நின்னுச்சு. அவரு செஞ்சது அவ்வளவுதான்."

"அதத்தானே நானும் சொல்றன்" என்றார். கொஞ்சமும் கோபமில்லாமல், எனக்கு விளங்கவைக்கும் பொறுமையோடு சொன்னார். "உமக்கு மூண்டு தரம் நிண்டது. அவர் ஓட்டேக்கயும் நிண்டபடியாத்தானே, அது வண்டியின்ர பிழை எண்டு எங்களுக்குத் தெரிஞ்சது?"